கச்சேரி நோட்டீஸும் தையல் மிஷின் காலும்

பழைய கச்சேரி நோட்டீஸ் சேர்க்கிற வேலைக்கு முதல் எதுவும் போட வேண்டாம். எதிரில் நிற்கிறவர் நம்மைப் பைத்தியம் என்று நினைத்தால் அதைத் தாங்குகிற மனசு மட்டும் இருந்தால் போதும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறேன். பேர் ஷம்ஷாத். ஊருக்கு நான் பாயம்மா. கடை சோறு போடுகிறது, நோட்டீஸ் திட்டு வாங்கித் தருகிறது. கோயில் திருவிழா, தர்கா சந்தனக்கூடு, கல்யாணம், கட்சி மாநாடு என்று எதற்கெல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாட்டுக் கச்சேரி வைத்தார்களோ, அதற்கெல்லாம் ரோஸ், பச்சை, மஞ்சள் பேப்பரில் துண்டு நோட்டீஸ் அடித்தார்கள். மைக் கட்டின ஜீப்பில் போய் வீசினார்கள். நாம் பின்னாலேயே ஓடிப் பொறுக்கினோம், கப்பல் விட்டோம், மறந்துவிட்டோம். அதையெல்லாம் திரும்பப் பொறுக்குகிறவள் நான். தீப்பெட்டிப் படம், பழைய ஸ்டாம்பு, ஓட்டைக் காசு என்று எதையாவது சேர்த்து வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அன்பர்களே, இது உங்களுக்காகத்தான். வீட்டில் இருக்கிறவர்கள் கண்ணில் படாமல் படியுங்கள்.

மோர் உபயம்

இந்தப் பீடை என்னைப் பிடித்தது லேமினேஷன் மிஷின் வழியாகத்தான். திருநாவலூர்ப் பக்கமிருந்து ஒருத்தர் வந்தார். கையில் மஞ்சப்பை, பைக்குள் நாலாக மடித்த ரோஸ் நோட்டீஸ். அவங்க ஊர்த் திருவிழாவுக்கு என்றோ அடித்தது. மேலே சாமி படம். அதற்குக் கீழே தலைமை, முன்னிலை, பொருளாளர், பந்தல் உபயம், லைட் உபயம், மோர் உபயம் என்று ஊரில் பாதிப் பேர் நின்றார்கள். இத்தனை பேருக்கும் அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், ‘இரவு மாபெரும் இன்னிசைக் கச்சேரி’ என்று ஒரு வரி. பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்து இன்னும் ரெண்டு வரி.

மோர் உபயம் அவருடைய அப்பா. அந்த வரியை மட்டும் வெட்டி லேமினேஷன் போடச் சொன்னார். "முழுசாவே போட்டுக்கலாமேங்க, பாக்கறதுக்கு லட்சணமா இருக்குது" என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டிக் கொடுத்தேன். மீதியைக் கூடையில் போடக் கை வரவில்லை. தபலா வாசித்தவருக்கும் ஒரு பிள்ளை இருக்கும் இல்லையா, அது வந்து கேட்டால் யார் பதில் சொல்வது? டிராயரில் எடுத்து வைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாடனவன் பேரு உங்களுக்கு இன்னாத்துக்குங்க? மோரு குடுத்தது எங்கப்பா."

வருஷம் எங்கே?

டிராயர் நிரம்பியது. அட்டைப்பெட்டி வந்தது. அதுவும் நிரம்பியது. கடைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும், "உங்க வூட்டுல பழைய கச்சேரி நோட்டீஸ் இருக்குமா?" என்று கேட்டுக் கேட்டு, ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். சரி, இருக்கிறதை வருஷவாரியாக அடுக்கலாம் என்று ஒரு நாள் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. ஒன்றில்கூட வருஷம் கிடையாது! ‘வருகிற வெள்ளிக்கிழமை’, ‘நாளது மாதம் பத்தாம் தேதி’, ‘சித்ரா பவுர்ணமி அன்று’. நாள் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, எத்தனை மணிக்கு என்று இருக்கிறது. வருஷம் போட்ட மகராசன் ஒருத்தன்கூட இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தக் காலத்து அச்சாபீஸில் எழுத்துக் கோத்தவர் ஒருத்தரைத் தேடிப் பிடித்தேன். மார்க்கெட்டில் மகனுடைய காய்கறிக் கடையில் உட்கார்ந்து கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "ஏங்க, இத்தன நோட்டீஸ் அடிச்சீங்களே, ஒண்ணுலயாவது வருஷத்தப் போட்டீங்களா? இப்ப நான் எப்படி அடுக்கறது?" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் தெளிப்பதை நிறுத்தவில்லை.

"அடுத்த வெள்ளிக்கெழம கச்சேரிம்மா. இது எந்த வருஷம்னே தெரியாதவன் வந்து இன்னாத்த கேக்கப் போறான்?"

டம்ளர் சுற்றிய பேப்பர்

எங்க வீட்டுக்காரருக்குப் பாத்திரக் கடை. நல்ல மனுஷன். என்னைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு குறைதான். அதைத் தினமும் சொல்வார். "ஷம்ஷாத், ஊரு குப்பைய எல்லாம் கார்ப்பரேஷன்காரன் வெளிய எடுத்துக்கினு போறான், நீ உள்ள எடுத்துக்கினு வர்ற." நம்ம ஊரில் கார்ப்பரேஷன் ஏது என்று நானும் தினமும் கேட்பேன். இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு முகூர்த்த நாள். அவர் கடையில் சுற்றிக் கொடுக்கிற பேப்பர் தீர்ந்துபோயிற்று. வீட்டுக்கு வந்தார், கட்டிலுக்கு அடியில் கையை விட்டார், நோட்டீஸ் கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் போய்ப் பார்ப்பதற்குள் கடைசி மஞ்சள் நோட்டீஸ் ஒரு சீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டு படி இறங்கிவிட்டது. மற்றதை எல்லாம் பிடுங்கிவிட்டேன். அந்த ஒன்றுக்காகப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினேன். மணலூர்பேட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கையை நீட்டி, "பேப்பர மட்டும் குடுத்துருங்கம்மா" என்றேன். டம்ளரில் ஏதோ ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கத்தான் கேட்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இல்லை என்று தெரிந்த பிறகுதான் நோட்டீஸ் என் கைக்கு வந்தது. பஸ் முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்னார்:

"காச வுட்டுட்டு காயிதத்துக்கு ஓடியார யாவாரத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்."

சத்தார் மாமுவின் சபதம்

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சந்தின் முனையில் சத்தார் மாமு தையல் கடை வைத்திருக்கிறார். எனக்கு உறவில்லை, ஆனால் விவரம் தெரிந்த நாளாக மாமுதான். எதிரே ஏழுமலையின் டீக்கடை. தினமும் சாயங்காலம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மாமு ஒரே கதையைச் சொல்வார். இள வயசில் அவர் பாங்கோஸ், அதுதான் அந்த ரெட்டைக் கொட்டு, வாசித்தாராம். உள்ளூர்ப் பிள்ளைகள் சேர்ந்து ‘மணிப்புறா இன்னிசைக் குழு’ என்று வைத்திருந்தார்களாம். கல்வராயன் மலைக்கு ஜெனரேட்டரைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு போய்க் கச்சேரி செய்தார்களாம். பாங்கோஸ் வைக்க ஸ்டாண்டு வாங்க வக்கில்லாமல், தையல் மிஷினைக் கழற்றிவிட்டு அதன் இரும்புக் காலை வேனில் ஏற்றிக்கொண்டு போவாராம். அந்தக் காலில் ஒரு பாதம் உடைந்து, புளியங்கட்டை ஒன்றைக் கம்பியால் கட்டியிருக்கும். இன்றைக்கும் அதே காலில்தான் மிஷின் ஓடுகிறது.

தையல் மிஷின் கால் வரைக்கும் வந்தால் போதும், பெஞ்சு மொத்தமும் சிரிக்கும். "பாய், பாட்டு நடுவுல கிழிஞ்ச சட்டையும் தெச்சிக் குடுத்தீங்களா?" என்பான் ஒருத்தன். மாமுவும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார். ஒரு நாள் ஏழுமலை சிரிக்காமல் கேட்டார்: "பாய், இத்தன வருஷமா சொல்றீங்க. பாயம்மா கிட்ட மூட்ட மூட்டையா நோட்டீஸ் இருக்குது. அதுல ஒண்ணுலகூட உங்க மணிப்புறா இல்லியாமே. சும்மா வுட்டுக்கினு இருந்தீங்களா?" ஏழுமலையிடம் அதைச் சொன்னது நான்தான். தெரியாமல்தான் சொன்னேன், ஆனால் உண்மை அது. மணிப்புறா என்று ஒரு துண்டு என்னிடம் இல்லை. மாமு டீயை வைத்துவிட்டு எழுந்தார். முகம் சுண்டிவிட்டது.

அன்றிலிருந்து அவர் அந்தக் கடைப் படி ஏறவில்லை. மார்க்கெட் வரை நடந்து போய்ப் பிளாஸ்கில் டீ வாங்கி வந்து, தன் கடை வாசலில், ஏழுமலைக்கு நேர் எதிரே உட்கார்ந்து குடித்தார். ஏழுமலைக்கும் பொறுக்கவில்லை. எழுந்து போன அன்று மாமு சொல்லிவிட்டுப் போனதுதான் அவரைக் குடைந்துகொண்டிருந்தது.

"பேப்பரு காட்டறேன்டா. காட்டற வரிக்கும் உன் கட டீ எனக்கு ஹராம்."

இது என்ன டைம் டேபிளா?

இந்த நேரம் பார்த்து எங்கள் ஊரில் புத்தகத் திருவிழா வந்தது. புது மாவட்டம் ஆனதிலிருந்து நம்ம ஊருக்கு எல்லாம் வருகிறது. அரங்கில் ஒரு செவுரு முழுக்க ‘நம்ம ஊர் இசை’ என்று நோட்டீஸ்களை ஒட்டிக்கொள்ளலாம் என்று விழாக்குழுச் செயலாளர் சொல்லியிருந்தார். ரிட்டயர்டு வாத்தியார். நான் ஆகாயத்தில் பறந்தேன். வீட்டுக்காரரிடம், "குப்பைக்கு வந்த மரியாதயப் பாத்தீங்களா?" என்று ஒரு வாரம் சொல்லிக் காட்டினேன்.

நோட்டீஸ்களை எடுத்துக்கொண்டு போய் வாத்தியார் மேஜையில் பரப்பினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். சேலம் புகழ், சென்னை புகழ், திருச்சி புகழ். எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டு, பம்பாய் புகழ் ராக்கெட் இன்னிசைக் குழு. தாம்பாளங்களை அடுக்கிக் கட்டின கட்டு மாதிரி இருந்தது அது. சுற்றுவட்டாரத்தில் ஒரு கிராமம் விடாமல் அந்த ராக்கெட் இறங்கியிருந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து இத்தனை தடவை எப்படி வந்தார்கள் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். நானே அதன்மேல் ‘வெளியூர்’ என்று எழுதி ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். உள்ளூர் என்று எழுதி வைத்த உறை காலியாக இருந்தது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளூர்க் குழு ஒன்றையாவது சனிக்கிழமைக்குள் காட்டினால் செவுரு எனக்கு, இல்லாவிட்டால் அதைத் தேன் ஸ்டால்காரர் கேட்கிறார் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் முள்ளாகக் குத்தியது.

"இது நம்ம ஊர் இசை வரலாறாம்மா, இல்ல ரயில்வே டைம் டேபிளா?"

பொட்டியின் மேல் உட்கார்ந்தவள்

அழுகை வந்தது. கடையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஜெராக்ஸ் எடுத்தேன். கல்வராயன் மலைமேல் கரியாலூரிலிருந்து காலேஜுக்கு வந்து போகிற ஒரு பெண் மார்க் ஷீட் ஜெராக்ஸுக்காக நின்றாள். மேஜையில் கிடந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதே மாதிரி ஒரு பேப்பரு எங்க பெரியம்மா பொட்டியில ஒட்டிக்கினு இருக்குது. ஆளுங்க படம்லாம்கூட இருக்கும்" என்றாள். படமா! துண்டு நோட்டீஸில் படம் போடத் தனியாகத் தகட்டில் பிளாக் செய்ய வேண்டும். செலவுக்குப் பயந்து யாரும் போட மாட்டார்கள். என்னிடம் இருந்ததில் சாமியைத் தவிர யாருக்கும் படம் கிடையாது.

மறுநாள் காலை பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைவு வளைவாக மலை ஏறியது பஸ். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். பெரியம்மா பேர் வெள்ளச்சி. தகரப் பொட்டி ஒன்றைக் காட்டினார். சாமை போட்டு வைத்திருந்தார். பூச்சி அண்டாமல் இருக்க மூடியின் உள்பக்கம் பேப்பர் ஒட்டுவது இங்கே வழக்கம். மூடியைத் தூக்கினார். பச்சை நோட்டீஸ், கொஞ்சமும் கிழியாமல். ‘பம்பாய் புகழ் ராக்கெட் இன்னிசைக் குழு.’ அட சனியனே, இங்கேயும் நீயா என்று மூடியைச் சாத்தப் போனேன். பிறகுதான் படத்தைப் பார்த்தேன். ஆறேழு பேர். மை அப்பி முகம் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் ஒருத்தர் பாங்கோஸோடு நின்றார். பாங்கோஸுக்குக் கீழே தையல் மிஷின் கால். பூ வேலை செய்த இரும்பு, அடியில் மிதி, பக்கத்தில் சக்கரம். ஒரு பாதத்துக்குப் பதிலாக ஒரு கட்டை.

நான் போட்ட சத்தத்தில் வெள்ளச்சியம்மாவின் கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. என் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதை எங்க வீட்டுக்காரர் படித்தாலும் பரவாயில்லை. கொஞ்சம் ஆறினதும், நோட்டீஸை ஈரத்துணி வைத்து உரித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கூடாது என்றார், உரித்தால் கிழியும், அதுவும் கல்யாணத்துக்கு வாங்கின பொட்டி. மூடியை மட்டுமாவது கழற்றிக் கொடுங்கள், புது மூடி செய்து அனுப்புகிறேன் என்று கெஞ்சினேன். அவர் யோசித்தார். பிறகு பொட்டியைத் தட்டிக் காட்டினார்.

"மூடி இல்லாங்காட்டி எலி பூந்துரும். புது மூடி வர்ற வரிக்கும் நீயே இதும்மேல உக்காந்துக்கினு இரு."

ரெண்டு பொட்டி

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே உட்கார வைத்துவிட்டார். உட்கார்ந்தபடியே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். கரியாலூரில் ஒரு வீட்டில் சாமைப் பொட்டிமேல் உட்கார்ந்திருக்கிறேன், இறங்கினால் காரியம் கெட்டுவிடும் என்றேன். திட்டுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன். "பொட்டி எத்தன அடி?" என்று மட்டும் கேட்டார்.

மதியத்துக்கு மேல் பஸ்ஸில் வந்து இறங்கினார் மனுஷன். தோளில் கடையிலிருந்து எடுத்த புதுத் தகரப் பொட்டி, பூட்டுச் சாவியோடு. வெள்ளச்சியம்மாவிடம் வைத்து, "இதுல சாமைய கொட்டிக்குங்கம்மா. உங்க பொட்டி விழா முடிஞ்சதும் பத்திரமா வந்துரும்" என்றார். இத்தனை வருஷம் குப்பை குப்பை என்றவர், பழைய பொட்டியின் மூடியைத் திறந்து படத்தைப் பார்த்துவிட்டு, "ஏய், இது சத்தார் மாமு கடை மிஷினு!" என்று என்னைவிடப் பெரிசாகக் கத்தினார். வெள்ளச்சியம்மா, அந்தக் கச்சேரி தன் கல்யாணமான வாரத்தில் கோயில் திருவிழாவில் நடந்தது என்றும், மலையில் கரண்டு விளக்கையும் மைக்கையும் எல்லாரும் முதலில் பார்த்தது அன்றைக்குத்தான் என்றும் சொன்னார். பொட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினோம். வெள்ளச்சியம்மா பின்னாலேயே வந்து கண்டிஷன் போட்டார்.

"விழா முடிஞ்சி என் பொட்டி வரலன்னு வையி, ரெண்டு பொட்டியும் என்னுதுதான்."

எவன் அவன்?

இறங்கினதும் நேராக மாமு கடைக்குப் போனோம். கட்டிங் மேஜைமேல் பொட்டியை வைத்து மூடியைத் திறந்தேன். மாமு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் இருந்த மிஷினையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விரலை வைத்துக் கீழே இருந்த வரியைப் படித்தார். ‘பாங்கோஸ் புயல்: பம்பாய் பாபு.’ அவ்வளவுதான், மனுஷனுக்கு வந்ததே கோபம். "எவன் அவன் பம்பாய் பாபு? என் படத்துக்குக் கீழ எவன் பேர போட்டு வெச்சிருக்கானுங்க!" என்று குதித்தார். மேல் வரிக்குப் போய், ‘தேன்குரல் பாடகி: சிங்கப்பூர் ஷீலா’ என்பதைப் படித்ததும் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அது மணலூர்பேட்டை கஸ்தூரியாம். கரும்பு வெட்டுக்குப் போய்விட்டு வந்து பாடுவாளாம்.

அப்புறம் ஒவ்வொன்றாக விளங்கியது. குழுவுக்குக் கச்சேரி பிடித்துக் கொடுத்த ஏஜெண்டு ஒருத்தன் இருந்தான். கள்ளக்குறிச்சிக் குழு என்றால், ‘சந்தைக்குப் போனா பாக்கற மூஞ்சிதானே’ என்று எந்த ஊரிலும் கூட்டம் வராது என்பான். மணிப்புறாவை ‘பம்பாய் புகழ் ராக்கெட்’ ஆக்கி நோட்டீஸுக்கு எழுதிக் கொடுப்பது அவன். அடிப்பது விழாக் கமிட்டி. வீசுவது ஒரு வாரம் முன்னால். வாசிக்கிறவர்கள் கச்சேரியன்று போய் இறங்கிவிட்டு விடியும்போது கிளம்பிவிடுவார்கள். தங்கள் நோட்டீஸைத் தாங்களே கண்ணால் பார்த்ததில்லை. மேடையில் பாட்டைத் தவிர யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கஸ்தூரி ‘தேங்க்யூ’ மட்டும் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாம். வாயைத் திறந்தால் உள்ளூர்ப் பேச்சு வந்துவிடும் என்ற பயம். "மைக்குல பம்பாய்னு கத்தினானுங்கதான். மைக்குல ஆயிரம் சொல்லுவானுங்க, பேப்பர்லயுமா போடுவானுங்க?" என்றார் மாமு. வீட்டுக்கு ஓடினேன். ‘வெளியூர்’ என்று ரப்பர் பேண்டு போட்ட அந்தத் தாம்பாளக் கட்டை எடுத்து வந்து மாமு மடியில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் பம்பாய் பாபு. தியாகதுருகத்தில் பம்பாய் பாபு, சங்கராபுரத்தில் பம்பாய் பாபு. மாமு புரட்டிக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நாங்க விழுப்புரத்தக்கூட தாண்டனது இல்ல, ஷம்ஷாத்து."

வாத்தியார் தீர்ப்பு

வெள்ளிக்கிழமையே வாத்தியார் முன்னால் போய் நின்றோம். நான், மாமு, பொட்டி தூக்க எங்க வீட்டுக்காரர். நான் மூச்சு விடாமல் கதையைச் சொன்னேன். வாத்தியார் லேசில் நம்புகிற ஆள் இல்லை. படத்தைப் பார்த்தார். பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தே மாமு கடைக்கு வந்தார். மிஷினுக்குக் கீழே வேட்டியை மடக்கிக் குந்தி உட்கார்ந்து, அந்தப் புளியங்கட்டையைத் தொட்டுப் பார்த்தார். டீக்கடைப் பெஞ்சு முழுசும் எழுந்து நின்று எங்களையே பார்த்தது. ஏழுமலை டீ வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வாத்தியார் எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"பம்பாய்லேர்ந்து வர்றவன் தையல் மிஷின் காலயாம்மா தூக்கிக்கினு வருவான்? ஒட்டுங்க, செவுரு உங்களுது."

சக்கரை ஜாஸ்தி

ஒட்டினோம்! செவுரு போதவில்லை. தேன் ஸ்டாலுக்குப் போகிற வழியெல்லாம் ஒட்டினோம். நடுவில் வெள்ளச்சியம்மாவின் பொட்டி, மூடி திறந்தபடி. அதன் பக்கத்தில் தையல் மிஷின் கால். மாமு மிஷினைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, காலைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார், யாரையும் தொடவிடவில்லை. வருஷம் தெரியாத இடத்தில் என்ன எழுதுவது என்று யோசித்து, பொட்டிக்குக் கீழே ‘வெள்ளச்சி கல்யாணம் நடந்த வருஷம்’ என்று எழுதினேன். அந்தம்மா மலையிலிருந்து உறவுக்காரர்களோடு வந்து, வருகிறவர்களையெல்லாம் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு பொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். பாதுகாப்புக்குத்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறப்பு விழாவுக்கு வாத்தியார் அடித்த நோட்டீஸைப் பார்த்தேன். ‘வருகிற ஞாயிற்றுக்கிழமை’ என்று போட்டிருந்தார். வருஷம் இல்லை. ஒரு பிரதி எடுத்து உறையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதியது. ‘இவருதான் பம்பாய் பாபுவா, எங்க ஊருக்கு வந்தாருங்க’ என்று தியாகதுருகத்துக்காரர்கள் மாமுவைப் பிடித்துக்கொண்டார்கள். மாமு பரணில் கிடந்த பாங்கோஸை எடுத்து வந்து அந்தக் கால்மேல் வைத்து வாசித்தார். தோல் தளர்ந்திருந்தது, நடுவில் தாளம் கொஞ்சம் வழுக்கியது, அதனாலென்ன, ஜனம் விசில் அடித்தது. வாய் வலிக்கிற வரைக்கும் நானும் அடித்தேன். வாசித்து முடிக்கும்போது எதிரே ஏழுமலை நின்றார், கையில் தூக்குவாளி நிறைய டீ. "பாய், தப்பா பேசிட்டேங்க. இந்தாங்க" என்று ஒரு டம்ளரை நீட்டினார். மாமு வாங்கவில்லை. பெரிய மனுஷன் மன்னிக்கக் கூடாதா என்று நினைத்தேன். மாமு ஏழுமலையின் தோளில் கையைப் போட்டு, அவரைத் திருப்பி, வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே பாதிக் கூட்டம் போயிற்று. சந்துக்கு வந்து, அந்த டீக்கடைப் படியை ஏறி, தன் பழைய பெஞ்சில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சத்தமாகச் சொன்னார்:

"ஏழுமல, பம்பாய் பாபுவுக்கு ஒரு டீ போடு, சக்கர ஜாஸ்தி!"

ஆகவே, உங்கள் ஊரில் பாட்டுக்காரர்களே இருந்ததில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் அன்பர்களே. அவர் பக்கத்துச் சந்தில் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருப்பார், நோட்டீஸில்தான் பம்பாய்க்காரர்.